விண்ணுலகில் இருக்கிற எங்கள் சுறாமீனே: தான்சானியாவில் நான் உளறிய இரண்டு வருடம்

களிஉருண்டை எழுதியது:

மாம்பழ சீசனுக்காக எங்கள் கூழ் ஆலைக்கு ஒடிசாவிலிருந்து பத்துப் பேர் வந்திருக்கிறார்கள். அதில் ஒரு பையன், இருபது வயது இருக்கும், நேற்று சூப்பர்வைசர் முன்னால் வந்து நின்று வாயெல்லாம் பல்லாக, "அண்ணா, நான் செத்துட்டேன்" என்றான். தொட்டியில் சர்க்கரைப் பாகைச் சேர்த்துவிட்டான், அவ்வளவுதான் சேதி. ஒரு நெடில் குறைந்ததில் ஆளே போய்விட்டான். லைன் முழுக்கச் சிரித்தது. அவனும் கூடவே சிரித்தான். ஆனால் காது மடல் இரண்டும் சிவந்து கிடந்தன.

அந்தக் காதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. அந்தக் காது ஒரு காலத்தில் என்னுடையது.

எனக்கு ஊர் கிருஷ்ணகிரி பக்கம். பத்தாவது முடித்து ஒரு துறவற சபையில் சேர்ந்தேன். இறையியல் படிப்புக்குப் போவதற்கு முன்னால் இரண்டு வருடம் களப்பணிக்கு அனுப்புவார்கள். கூடப் படித்தவர்களுக்குச் சேலம், ஆந்திரா என்று விழுந்தது. எனக்கு விழுந்தது தான்சானியா. விக்டோரியா ஏரிக்கரையில் ம்வான்சா நகரத்திலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி ஒரு பங்கு, அதாவது ஒரு கோயிலும் அதைச் சேர்ந்த கத்தோலிக்கர்களும். அப்போது எனக்கு 23 வயது. அதுவரை ஓசூரைத் தாண்டிப் போனதென்றால் பெங்களூருதான். பாட்டி கேட்ட ஒரே கேள்வி: "அங்க களி கெடைக்குமா?"

நான்கு மாதம் சுவாஹிலி மொழிப்பள்ளி. நமக்கு வசதியான மொழி என்றுதான் முதலில் பட்டது. நாம் வினைச்சொல்லின் வாலில் கட்டுவதையெல்லாம் அவர்கள் தலையில் கட்டுகிறார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். "நினகுபெண்டா" என்றால் நான் உன்னை நேசிக்கிறேன். ஒரே சொல்லில் நானும் நீயும் நேசமும். ஆகா, நம்ம ஊர் மாதிரி ஒட்டி ஒட்டி வருகிறதே என்று குஷியாகி, வார்த்தைகளையெல்லாம் ஒரு நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தேன். அங்கேதான் விதி சிரித்தது.

நமக்கு ப ஒன்றுதான். பல்லில் வருகிற ப-வும் பஸ்ஸில் வருகிற ப-வும் நமக்கு ஒரே எழுத்து. சுவாஹிலியில் பஸ் ப-வைப் போட்டு "பாபா" என்றால் அப்பா. பல் ப-வைப் போட்டு "பாபா" என்றால் சுறாமீன். என் நோட்டில் இரண்டும் ஒரே மாதிரி கிடந்தன.

அங்கே வாரத்துக்கு ஒரு நாள் வீடு வீடாகக் கூடிச் செபிப்பார்கள், நம்ம அன்பியம் மாதிரியே. ஒரு மீனவர் வீடு. திண்ணை, பாய், ஒரு சிம்னி விளக்கு, முப்பது பேர். புது பிரதர் இன்றைக்குச் செபம் சொல்லட்டும் என்றார்கள். நானும் கையை விரித்து, கண்ணை மூடி, உருக்கமாக ஆரம்பித்தேன்: "பாபா யேட்டு உலியே ம்பிங்குனி". விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர்களுக்குக் கேட்டது, விண்ணுலகில் இருக்கிற எங்கள் சுறாவே.

பெரியவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லையே. ஒரு பொடியன் பாயில் உருண்டு சிரித்தான். வீட்டுத் தாத்தா எனக்காகப் பரிந்து வந்தார்: அதே சொல்லுக்குப் போப்பாண்டவர் என்றும் பொருள் உண்டு, பிரதர் அவரைத்தான் சொல்கிறார் என்றார். உடனே ஒரு பாட்டி பதறிப்போய், "போப்பாண்டவர் எப்போது விண்ணுலகம் போனார்?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சுறா பிரதர். இரண்டு வருடமும்.

இங்கே வெளிநாடு போனவர்கள், வெளிமாநிலம் போனவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் கதையைச் சொல்லுங்கள். அந்தப் பையனுக்குச் சொல்லித் தேற்ற எனக்குச் சரக்கு வேண்டும்.

ஓசூர் மும்மொழி எழுதியது:

வெளிநாடு எதற்கு? ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டைக்குப் பெண் பார்க்கப் போனாலே போதும். மாமியார் வீட்டில் கன்னடம். முதல் விருந்தில் பாயசம் ஊற்றிக்கொண்டே மாமியார் "சாக்கா?" என்றார். போதுமா என்று கேட்டிருக்கிறார். நான் அரிசி மூட்டைக்குச் சாக்கு கேட்கிறாரோ என்று, "கார்ல ரெண்டு இருக்கு, எடுத்துட்டு வரட்டுமா?" என்று எழுந்துவிட்டேன். பதினோரு வருடம் ஆகிறது. இப்போதும் பந்தியில் நான் உட்கார்ந்தால் மச்சான் ஒரு காலிச் சாக்கை மடித்துப் பக்கத்தில் வைப்பான்.

அப்புறம் தெலுங்கு. "சாலு" என்றால் போதும், "சாலா" என்றால் நிறைய. இலையில் கை வைத்து மறைத்துக்கொண்டு சாலா, சாலா என்று கத்தினால் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பாலக்கோடு தக்காளி எழுதியது:

களிஉருண்டை அண்ணா, பாட்டி கேள்விக்குப் பதில் சொல்லாமல் போய்விட்டீர்களே. களி கிடைத்ததா இல்லையா?

களிஉருண்டை எழுதியது:

கிடைத்தது தங்கச்சி, அதிலும் ஒரு கூத்து.

அவர்களுக்கு உகாலி. வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கொட்டி, துடுப்பு மாதிரி ஒரு மரக்கரண்டியால் கிண்டுவார்கள். அந்த அம்மா பாத்திரத்தை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கி, தோள் குலுங்கக் கிண்டுவதைப் பார்த்தபோது எங்கள் அம்மாவைப் பார்த்த மாதிரியே இருந்தது. நாம் நொய் போட்டுக் கிண்டுவோம், அவர்கள் வெறும் மாவு. நம்முடையதைவிடக் கொஞ்சம் இறுகலாக வரும். தொட்டுக்கொள்ளத் தண்டுக்கீரை மாதிரி ஒரு கீரை, ஏரியில் பிடித்து மணலில் காயவைத்த பொடி மீன். நெத்திலிக் கருவாடு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நான் தருமபுரி, கிருஷ்ணகிரி வழக்கப்படி ஒரு உருண்டையைக் கிள்ளி, குழம்பில் புரட்டி, மெல்லாமல் அப்படியே விழுங்கினேன். களியை மென்றால் எங்கள் வீட்டில் திட்டு விழும். அங்கே அது தெரியாதல்லவா. உகாலியைக் கட்டைவிரலால் குழித்து, கீரையை அள்ளி, நன்றாக மென்று தின்பார்கள். மூன்றாவது உருண்டை உள்ளே போனதும் அந்த அம்மா பதறி என் முதுகில் தட்ட ஆரம்பித்துவிட்டார். பையனுக்குப் பல்வலியா, தொண்டையில் சிக்கிவிட்டதா என்று பேச்சு. எனக்கு விளக்கிச் சொல்ல வார்த்தை வரவில்லை. "நான் நலம், எங்கள் ஊரில் பல் கிடையாது" என்று சொல்லிவைத்தேன். பல்லால் கடிப்பது கிடையாது என்று சொல்ல வந்தது அப்படி ஆகிவிட்டது.

இன்னொன்று. காலையில் ராகிக் கூழும் உண்டு. ராகிக்கு அங்கே உலேசி என்று பெயர், கூழுக்கு உஜி. நம்ம மண்ணின் பயிர் இங்கேயும் இருக்கிறதே என்று பீற்றிக்கொண்டேன். பள்ளியில் விவசாயம் எடுக்கிற வாத்தியார் அடக்கமாகச் சிரித்துவிட்டு, அது ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் பிறந்து உங்கள் ஊருக்கு வந்த பயிர் என்றார். புத்தகத்தில் தேடினேன், அவர் சொன்னதுதான் சரி. பாட்டிக்குப் போனில் சொன்னேன். நம்பவில்லை. "ராகி அவங்க ஊர்தா? போடா" என்று வைத்துவிட்டார்.

கல்லுடைப்பு எழுதியது:

எங்கள் தாத்தா கொத்தனார். பர்கூர் பக்கம் ஒரு கிராமத்தில் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் கட்ட வெளிநாட்டுப் பாதிரியார் ஒருவர் வந்திருந்தாராம். இளவயசு, தமிழ் படித்து ஆறு மாதம். தாத்தாவைக் கூப்பிட்டு, "நாளைக்கு ரெண்டு லோடு கள்ளு வேணும், நல்ல கெட்டியான கள்ளு" என்றாராம். நம்ம பக்கம் கல்லுக்குப் பஞ்சமா? கிரானைட் கிடக்கிற ஊர். ஆனால் அவர் நாக்கில் ல-வும் ள-வும் ஒன்றாகிவிட்டன. தாத்தா யோசித்துவிட்டு, "சாமி, ரெண்டு லோடு குடிச்சா செவுரு நிக்காது, நாங்களும் நிக்க மாட்டோம்" என்றாராம்.

அதே சாமி பல்லிக்குப் போறேன் என்றுதான் பள்ளிக்குப் போவாராம். தாத்தா சாகும்வரை அவரைப் பல்லிச் சாமி என்றுதான் சொன்னார். பிரியமாகத்தான்.

தமிழய்யா எழுதியது:

ஓய்வு பெற்ற தமிழாசிரியன். படித்துக்கொண்டே வந்தேன், சும்மா இருக்க முடியவில்லை.

கிருஷ்ணகிரிக்கே இப்படி ஓர் ஆள் 1895-இல் வந்திருக்கிறார். தியோடர் நேதர் என்ற ஜெர்மானியர். முதலில் லைப்சிக் மிஷன் என்ற ஜெர்மன் லூத்தரன் அமைப்பில் இருந்தவர். வேதத்தைப் பற்றிய கருத்து வேறுபாட்டில் அங்கிருந்து விலகினார். பிறகு அமெரிக்காவின் மிசூரி லூத்தரன் சபை, தான் முதன்முதலாக வெளிநாட்டுக்கு அனுப்பிய மிஷனரிகளில் ஒருவராக அவரை இங்கே அனுப்பியது. 1904-இல் பிளேக் நோயில் இறந்துபோனார். இந்த வெயிலிலும் கொள்ளைநோயிலும் அவர் என்னென்ன உளறினாரோ, யார் யார் சிரித்தார்களோ, அதை யாரும் எழுதிவைக்கவில்லை. பிரசங்கங்கள்தான் காகிதத்தில் ஏறும்.

சீகன்பால்க் என்ற ஜெர்மானிய மிஷனரி பரவாயில்லை. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கியவர், திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டையே அச்சில் கொண்டுவந்துவிட்டார். உளறுவதற்கு நல்ல இடம் பார்த்து உட்கார்ந்த மனிதர் என்று நான் வகுப்பில் சொல்வது வழக்கம். பிள்ளைகள் சிரித்தால் வலிக்காது.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. அந்த ஒடிசாப் பையன் செத்தான், சேத்தான் என்று குழம்பியதைப் பார்த்து நாம் ரொம்பச் சிரிக்க வேண்டாம். பழைய ஓலைச்சுவடியில் செ-வுக்கும் சே-வுக்கும் வடிவம் ஒன்றுதான். குறில் என்று காட்டப் புள்ளி வைக்க வேண்டும் என்பது இலக்கணம். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும், ஆகவே எழுதுகிறவர்கள் விட்டுவிடுவார்கள். படிக்கிறவன் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். எ, ஏ, ஒ, ஓ வேறுபாட்டை இன்று நாம் எழுதுகிறபடி பிரித்துக் காட்டிய சீர்திருத்தத்தை வீரமாமுனிவர் பெயரில் சொல்கிறோம். அவர் யார்? இத்தாலியில் பிறந்த பெஸ்கி. வெளியூர்க்காரர்தான்.

களிஉருண்டை எழுதியது:

ஐயா, இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சுறாச் சம்பவத்துக்குப் பிறகு நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? ஒரு சிவப்புப் பேனா வாங்கி, நோட்டில் பஸ் ப, டாக்டர் ட, கியர் க எங்கெங்கே வருகிறதோ அங்கெல்லாம் எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தேன். வீரமாமுனிவர் வேலையைத்தான் பார்த்திருக்கிறேன், தெரியாமல்.

அதிலும் ஒரு பக்கம் விட்டுப்போய்விட்டது. டீ ட-வில் "டாமு" என்றால் இனிப்பு, ருசி. டாக்டர் ட-வில் சொன்னால் இரத்தம். டீ கொடுத்த வீட்டில் எல்லாம் "மிகவும் இரத்தம்" என்று பாராட்டிக்கொண்டிருந்தேன். மூன்று வாரம்.

கிரானைட் மெக்கானிக் எழுதியது:

நான் மிஷனரி இல்லை, மெஷின்காரன். கல் அறுக்கிற மெஷினைப் பொருத்திக்கொடுக்க தார் எஸ் சலாம் போய் ஒன்றரை வருடம் இருந்தேன். களிஉருண்டை சொன்ன மாதிரி வேர்ச்சொல் பக்கத்தில் ஒரு துணுக்கு மாறினால் கதை கந்தல்.

அங்கே ஆண் கல்யாணம் செய்துகொள்வான், பெண் கல்யாணம் செய்துகொள்ளப்படுவாள். வினையே வேறு. என்னோடு வேலை பார்த்தவர்கள் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார்கள். பக்கத்து ஆபீஸ் பெண்ணிடம் கேட்டு அவள் சொன்ன பதில் காதில் இருந்தது, அதையே சொன்னேன்: "சிஜாஓலேவா". என்னை இன்னும் யாரும் கட்டிக்கொண்டு போகவில்லை என்று அர்த்தம். ஆறடி ஆள், மீசை, கையில் ஸ்பானர். பதினைந்து நிமிடம் மெஷின் நின்றது.

நகரப் பேருந்துக்கு அங்கே டாலாடாலா என்று பெயர். கண்டக்டரைச் செல்லமாகக் "கொண்டா" என்பார்கள். ஏறினதும் எல்லாரும் கொண்டா, கொண்டா என்று கத்த, எனக்கு எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தி ஞாபகம். எதைக் கொண்டு வரச் சொல்கிறார்கள் என்று ஒரு மாதம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

நேர்கேள்வி எழுதியது:

எல்லாம் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஒன்று கேட்கிறேன், கோபப்பட வேண்டாம். மெக்கானிக் போனது மெஷின் பொருத்த. நீங்கள் போனது எதற்கு? ஒருவன் ஊருக்குப் போய், அவன் மொழியை அரைகுறையாகப் பேசி, அவன் சாமியை மாற்றத்தானே? அதற்கு இவ்வளவு அழகான முலாம் தேவையா?

களிஉருண்டை எழுதியது:

கோபம் இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான். நானே ராத்திரியில் கேட்டுக்கொண்டதும்கூட.

நான் போன பங்கு எங்கள் தாத்தாவைவிட மூத்தது. அந்த ஏரிக்கரைக்கு 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வெள்ளை அங்கிச் சபையார் என்கிற கத்தோலிக்க மிஷனரிகள் வந்துவிட்டார்கள். நான் போகும்போது மாற்றுவதற்கு அங்கே யாரும் மிச்சமில்லை. சொல்லப்போனால் என்னைவிட அவர்களுக்குச் செபம் நன்றாகத் தெரியும். நான்தான் சுறாவிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். என் வேலை பள்ளியில் கணக்கு எடுப்பது, விடுதியில் பையன்கள் தூங்கினார்களா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது, தண்ணீர்த் தொட்டி வற்றினால் ஆள் பிடிப்பது. அங்கே ஆரம்பப் பள்ளி முழுக்கச் சுவாஹிலி, அதற்கு மேல் திடீரென்று எல்லாம் ஆங்கிலம். பையன்கள் முக்கோணத்தைப் புரிந்துகொள்வதற்குள் மொழியில் முட்டி நின்றார்கள். தமிழ் மீடியத்தில் படித்தவன், அந்த வலி எனக்குத் தெரியும். அந்த ஒரு விஷயத்தில் நான் உபயோகமாக இருந்தேன் என்று நினைக்கிறேன்.

முதலில் அங்கே போனவர்களைப் பற்றிக் கேட்டால், உங்கள் கேள்வியில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. அதை இந்த இழையில் தீர்க்க முடியாது. நான் இப்போது சபையில் இல்லை. திரும்பி வந்து ஒரு வருடம் கழித்து வெளியே வந்தேன். காரணம் வேறு, என் சொந்தக் காரணம். இப்போது கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன்.

சிஸ்டர் எழுதியது:

தருமபுரிக்காரி. கென்யாவில் ஒன்பது வருடமாக நர்ஸ், கன்னியர் மடத்தில். மருத்துவமனையில் இரவு டியூட்டி, அதனால் இந்த நேரத்தில் எழுதுகிறேன்.

என் கதை முதல் வருடக் கிறிஸ்துமஸ். பாடல் குழுவை நான்தான் பார்த்துக்கொண்டேன். பாடுவோம் என்பதற்கு "டுஇம்பே". அதில் ம் மட்டும் விழுந்துவிட்டால் திருடுவோம் என்று ஆகிவிடும். எனக்கு அன்றைக்குச் சளி வேறு, மூக்கடைத்திருந்தது. ம் எங்கே வரும்? கோயில் நிறைய ஜனம். மைக்கைப் பிடித்து, "அன்பான சகோதரர்களே, எல்லாரும் எழுந்து நின்று மகிழ்ச்சியோடு திருடுவோம்" என்றேன். காணிக்கைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்த பெரியவர் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

இன்னொன்று வார்டில். ஒரு அம்மா ஐந்து பிள்ளைகளோடு வந்து "டுமேஹாமா" என்றார். வீடு மாறிவிட்டோம், புது விலாசம் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வந்திருக்கிறார். என் காதில் "டுமேஹாரா" என்று விழுந்தது. எல்லாருக்கும் வயிற்றுப்போக்கு. ஐந்து பிள்ளைகளையும் வரிசையாக உட்காரவைத்து உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தேன். அவர்களும் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்கள். மடத்துக்காரர்கள் புது வீட்டுக்கு ஏதோ சடங்கு செய்கிறார்கள் என்று நினைத்தார்களாம்.

இப்போது கொஞ்சம் திட்டு. நீங்கள் எல்லாரும் சிரிப்பை மட்டும் எழுதுகிறீர்கள். முதல் ஆறு மாதம் நான் பேசவே பயந்து, தலையாட்டி பொம்மை மாதிரி இருந்தேன். நோயாளி சொல்வது பாதி புரியாமல் ஊசி போடுகிற பயம் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. மூன்று தடவை வேறொருவரைக் கூப்பிட்டு உறுதி செய்துகொண்டுதான் மருந்து கொடுப்பேன். அதற்கும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

எது என்னைக் காப்பாற்றியது என்றால் உறவுமுறை. அங்கே அம்மாவின் தங்கையை "சின்ன அம்மா" என்கிறார்கள், அப்பாவின் அண்ணனைப் "பெரிய அப்பா". வார்த்தைக்கு வார்த்தை அப்படியே. அத்தைக்குத் தனிச் சொல், தாய்மாமனுக்குத் தனிச் சொல். இங்கிலீஷில் ஆண்ட்டி, அங்கிள் என்று மொத்தமாக மூட்டை கட்டுகிற வேலையே இல்லை. ஒரு குடும்பத்தில் யார் யாருக்கு என்ன முறை என்று எனக்கு உடனே பிடிபட்டுவிடும், கூட இருந்த ஐரோப்பியச் சகோதரிகள் படம் வரைந்து பார்ப்பார்கள். ஒரே சிக்கல், அம்மாவுக்கு "மாமா", அண்ணனுக்குக் "காக்கா", அக்காவுக்கு "டாடா". வயதான அம்மாவைப் பார்த்து மாமா என்று கூப்பிட ஒரு வருடம் நாக்கு கூசியது.

பாலக்கோடு தக்காளி எழுதியது:

சிஸ்டர், புது வீட்டுச் சடங்கைப் படித்துவிட்டு பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரம்மா பை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்துவிட்டார்.

களிஉருண்டை எழுதியது:

சிஸ்டர் திட்டியது சரி. அதனால் அவ்வளவு சிரிப்பில்லாத இரண்டு சொல்கிறேன்.

முதல் கதை நேரம். அங்கே மணி விடியலிலிருந்து ஓடும். காலை ஏழு மணிக்கு "ஒரு மணி". எட்டுக்கு இரண்டு. நம் கடிகாரத்தில் முள் நிற்கும் எண்ணுக்கு நேர் எதிரில் இருக்கும் எண்ணைப் படித்தால் அவர்கள் மணி. மொழிப்பள்ளியில் படித்துப் பரீட்சையும் எழுதினேன், முழு மதிப்பெண். ஆனால் கையில் கட்டியிருந்த கடிகாரம் மூளையை விட்டால்தானே. ஒரு வயதான மீனவர், தன் படகில் தீவுக்குக் கூட்டிப்போகிறேன், நாளை ஒரு மணிக்கு வா என்றார். நான் சாப்பிட்டுவிட்டு, குட்டித் தூக்கம் போட்டுவிட்டு, மத்தியானம் ஒரு மணிக்குக் கரைக்குப் போனேன். அவர் ஏழு மணியிலிருந்து காத்திருந்து, அன்றைக்கு மீன்பாட்டையும் விட்டுவிட்டு, படகு நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். நான் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்துப் "போலே" என்றார்.

இந்தப் போலேக்குத் தமிழில் சொல் இல்லை. கால் தடுக்கினால் பக்கத்தில் இருப்பவன் போலே என்பான். வேலை செய்து வியர்த்திருந்தால் போலே. காய்ச்சல் என்றால், சாவு என்றால், பஸ் தவறினால், எல்லாவற்றுக்கும் போலே. தப்பு அவனுடையதல்ல, ஆனாலும் உன் கஷ்டத்தில் நான் கூட நிற்கிறேன் என்கிற மாதிரி. முதலில் எல்லாரும் ஏன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று குழம்பி, பரவாயில்லை, பரவாயில்லை என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் காத்திருந்தவர் அவர், ஆறுதல் எனக்கு.

இரண்டாவது கதை எங்கள் பங்குத்தந்தை. எழுபதைத் தாண்டியவர், அந்த ஊர்க்காரரே. கண் ஆபரேஷனுக்குத் தார் எஸ் சலாம் போயிருந்தார். ஒரு நாள் சாயங்காலம் போன் செய்து, வந்துவிட்டேன், பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன், உபதேசியாரிடம் (கோயிலில் மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவர்) சொல்லிவிடு என்றார். நான் சந்தோஷமாக ஓடினேன். வந்து சேர்ந்தார் என்பதற்கு "அமேஃபிகா". காலமானார் என்பதற்கு "அமேஃபாரிகி". ஞாயிறுதோறும் பூசை முடிந்து படிக்கிற அறிவிப்பில் கேட்டுக் கேட்டு இரண்டாவதுதான் என் நாக்கில் ஊறியிருந்தது.

உபதேசியார் வாசலில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சிரைக்க, "ஃபாதர் காலமானார்" என்றேன், சிரித்த முகத்தோடு. அவர் கையிலிருந்த சோளம் அப்படியே கொட்டியது. தரையில் உட்கார்ந்துவிட்டார். எப்போது என்றார். இப்போதுதான் என்றேன். எங்கே? பஸ் ஸ்டாண்டில். மனுஷனுக்கு இவ்வளவு பாசமா என்று நான் நெகிழ்ந்துபோய் நிற்கிறேன். அவர் எழுந்து நேராகப் போய் மணியைப் பிடித்தார். துக்க மணி. ஐந்து நிமிடத்தில் பெண்கள் தலையில் துணி போட்டுக்கொண்டு அழுதபடி வந்தார்கள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது. எந்தச் சொல்லைச் சொன்னோம் என்று நானே திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அப்போது சிவந்த காது, அதற்கப்புறம் ஒரு வாரம் ஆறவில்லை.

இருட்டும் நேரத்தில் ஃபாதர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடியோடு, பையைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். இருநூறு பேர் வாயடைத்து நின்றார்கள். உபதேசியார் என்னைக் கைகாட்டினார். ஃபாதர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நிறுத்தாதீர்கள், யார் யார் அழவில்லை என்று பார்த்துக்கொள்கிறேன். இப்போதுதானே கண் தெரிகிறது" என்றார்.

தமிழய்யா எழுதியது:

விடியலிலிருந்து மணி எண்ணுவது நமக்கும் புதிதல்ல. நாழிகைக் கணக்கு சூரிய உதயத்தில்தான் தொடங்கும். நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம். ஜாதகம் எழுதுகிறவர்கள் இன்னும் விடவில்லை. அந்த மீனவரும் எங்கள் பாட்டனும் பேசியிருந்தால் சரியான நேரத்துக்குச் சந்தித்திருப்பார்கள்.

ஃபாதர் கதைக்கு ஒரு வார்த்தை. நீங்கள் தமிழிலேயே பேசியிருந்தாலும் தப்பித்திருக்க மாட்டீர்கள். "ஃபாதர் போய்ச் சேர்ந்துட்டார்" என்று சொல்லிப் பாருங்கள்.

ஓசூர் மும்மொழி எழுதியது:

ஐயா, அதே வார்த்தை எங்கள் வீட்டில் நடந்தது. மாமனார் காசி யாத்திரை. வாரணாசியில் இறங்கியதும் கூடப் போனவர் என் மனைவிக்குப் போன் செய்து, "அப்பா நல்லபடியா போய்ச் சேர்ந்துட்டார்மா" என்றார். போனது காசிக்கு. மீதியை நான் எழுத வேண்டுமா?

நேர்கேள்வி எழுதியது:

கேட்ட கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த பஸ் ஸ்டாண்டுக் கதையை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

சிஸ்டர் எழுதியது:

களிஉருண்டை தம்பி, போலே. டியூட்டி முடிந்தது, தூங்கப் போகிறேன். அந்த ஒடிசாப் பையனுக்கு என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

களிஉருண்டை எழுதியது:

செய்தேன் சிஸ்டர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவனைக் கூப்பிட்டு, கடையில் வாங்கிய நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். தமிழ் வார்த்தைகளை ஒடியா எழுத்திலேயே எழுதிக்கொள், எனக்கும் அப்படித்தான் வந்தது என்றேன். செத்துட்டேன் என்று எழுதச் சொன்னேன், எழுதினான். சேத்துட்டேன் என்று எழுதச் சொன்னேன், எழுதினான். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. ஒடியாவில் எ-வும் ஏ-வும் ஓர் எழுத்துதானாம். ஐயா சொன்ன ஓலைச்சுவடி அப்படியே என் கண் முன்னால் கூழ் ஆலையில் கிடந்தது.

என் பையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கொடுத்தேன். நீட்டிச் சொல்வதற்குக் கீழே புள்ளி வை என்றேன். உடனே பிடித்துக்கொண்டான். கற்பூரம்.

இன்றைக்குக் காலையில் லைனின் அந்தக் கோடியிலிருந்து கையைத் தூக்கி, "அண்ணா! சேத்துட்டேன்!" என்று கத்தினான். சரியாக, சுத்தமாக. சூப்பர்வைசரே கை தட்டினார். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு வண்டி வர லேட். வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் டேபிள் பக்கம் வந்து நின்றான்.

"அண்ணா, பசியில சேத்துட்டேன்."